முனையிலிருந்து பார்க்க வேண்டிய பாலம்

சின்ன ஓடையின் மேல் நிற்கும் பழைய ரயில் கர்டர் பாலத்தை, அதாவது இரும்பு உத்தரப் பாலத்தை, படம் எடுப்பவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். ஓடைக்குள் சற்று இறங்கி, நட்டநடுவில் நின்று, இரண்டு கரைக்கும் இடையே நீளமாகக் கிடக்கும் அந்தத் துருநிறச் சுவரை முழுசாகப் படத்துக்குள் கொண்டுவருவார்கள். படத்துக்கு அது சரி. பாலத்தின் உடல்நிலையை அங்கே நின்று தெரிந்துகொள்ள முடியாது. நூறு வருஷத்துக் கர்டரிலும் நடுப்பகுதி பெரும்பாலும் திடமாகவே இருக்கும். காற்றும் வெயிலும் படுகிற இடம் அது. மழை விட்டதும் காய்ந்துவிடும். கெடுவது இரண்டு முனைகளில், கரைச்சுவரின் மேல் கர்டர் உட்கார்ந்திருக்கும் அந்த ஒன்றரை அடி இடத்தில். அதற்கும் கீழே, தண்ணீர் மறைத்து வைத்திருக்கும் அஸ்திவாரத்தில்.

தூரத்திலிருந்து ஒரே துண்டாகத் தெரிந்தாலும் பழைய கர்டர் பல துண்டுகளைக் கோத்துச் செய்தது. செங்குத்தாக நிற்கும் தகட்டுக்கு வெப் என்று பெயர். தடிமன் 10 மி.மீ. அளவில் இருக்கும். அதன் மேல் விளிம்பில் இரண்டு, கீழ் விளிம்பில் இரண்டு என நான்கு ஆங்கிள்கள் (‘எல்’ வடிவ இரும்புச் சட்டங்கள்) வெப்பை இருபுறமும் கவ்விப் பிடித்திருக்கும். ஆங்கிள்களின் மேல் படுக்கைவாட்டில் கவர் தகடுகள். இவ்வளவையும் சேர்த்து வைத்திருப்பது ரிவெட், துளைக்குள் செருகி மறுமுனையையும் அடித்துத் தலையாக்கிய இரும்பு ஆணி. இரண்டு கரைச்சுவர்களுக்கும் இடையேயுள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பன்னிரண்டில் ஒரு பங்குவரை கர்டரின் உயரம் இருப்பது வழக்கம். 12 மீட்டர் பாலத்துக்கு ஒரு மீட்டர் அல்லது அதற்குச் சற்று மேல். இப்படி இரண்டு கர்டர்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள், மேலே ஸ்லீப்பர், அதன்மேல் தண்டவாளம். ஓடைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே உயரம் போதாத இடத்தில் கட்டியவர்கள் வேறு வழி பிடித்தார்கள். கர்டர்கள் இரண்டும் தண்டவாளத்தின் இருபுறமும் கைப்பிடிச் சுவர்போல எழுந்து நிற்கும். அவற்றின் அடிப்பகுதியில் குறுக்கு உத்தரங்களும், அந்த உத்தரங்களுக்கு இடையே ஸ்ட்ரிங்கர் என்கிற சிறு உத்தரங்களும் பாதையைத் தாங்கும். இந்த இரண்டாவது வகையில் இணைப்புகள் அதிகம். அதனால் தொல்லையும் அதிகம்.

கொஞ்சம் பழகிவிட்டால் கர்டரின் பக்கவாட்டைப் பார்த்தே கணக்குப் போட்டவர் மனதைப் படித்துவிடலாம். கவர் தகடுகள் முனைக்கு முனை ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. கரையோரம் ஒன்று, சற்றுத் தள்ளி இரண்டு, நடுவில் மூன்று என்று படிக்கட்டுபோல ஏறி, மறுபுறம் அதேபோல இறங்கும். வளைவு நடுவில்தான் அதிகம், இரும்பும் அங்கேதான் அதிகம் வேண்டும். செங்குத்தான விறைப்பு ஆங்கிள்கள் இதற்கு நேர்மாறு. நடுவில் தள்ளித் தள்ளி நிற்பவை முனையை நெருங்க நெருங்க நெருக்கமாகிவிடும். வெட்டுவிசை, அதாவது தகட்டைக் குறுக்கே நறுக்கப் பார்க்கும் விசை, அதிகமுள்ள அந்த இடத்தில் மெல்லிய வெப் தகடு நெளிந்துவிடாமல் பிடித்துக்கொள்வது இவற்றின் வேலை. பேரிங்கின், அதாவது கர்டர் முனையைக் கல்லின் மேல் தாங்கும் தகட்டின், நேர்மேலே மட்டும் இவை ஜோடி ஜோடியாக, கீழ் ஆங்கிளின் மேல் இடைவெளியே இல்லாமல் உட்காரும்படி சீவிப் பொருத்தப்பட்டிருக்கும். வண்டியின் மொத்தப் பாரமும் கடைசியில் அந்தச் சில அங்குல இரும்பின் வழியாகத்தான் கல்லுக்கு இறங்குகிறது. அந்த ஆங்கிளின் கால் துருவில் கரைந்திருந்தால், நடுவில் எத்தனை தகடு அடுக்கியிருந்தும் உதவாது.

எந்த இரும்பு என்பதை அடுத்து பார்க்க வேண்டும். இது தெரியாமல் பழுதுபார்க்க இறங்கக்கூடாது. ஆரம்பக் காலத்தில் வார்ப்பிரும்பு உத்தரங்களை வைத்தே ரயில் பாலம் கட்டினார்கள். 1847 மே 24 அன்று இங்கிலாந்தின் செஸ்டரில் ராபர்ட் ஸ்டீபன்சன் வடிவமைத்த டீ ஆற்றுப் பாலம் ரயில் போகும்போது உடைந்து ஐந்து பேர் இறந்தார்கள். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையில் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். மரத் தளத்தில் நெருப்புப் பொறி விழுந்து பற்றிக்கொள்ளாமலிருக்க அன்றைக்குத்தான் அந்தப் பாலத்தின் மேல் ஜல்லி கொட்டியிருந்தார்கள். பழைய பாலத்தின் மேல் ‘பாதுகாப்புக்காக’ பாரம் ஏற்றுகிற யாரும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டிய சங்கதி. அதன்பிறகு தேனிரும்பு (wrought iron) தகட்டுக் கர்டர்கள் வந்தன. பிரிட்டனில் பாலங்களுக்கு எஃகைப் பயன்படுத்த 1877-இல்தான் அனுமதி கிடைத்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தேனிரும்பு கிட்டத்தட்ட ஒதுங்கிவிட்டது. ஆக, 1870-களின் கர்டர் என்றால் தேனிரும்பு, 1900-க்குப் பிறகு என்றால் எஃகு என்று தொடங்கலாம். நடுவில் உள்ளவற்றில் இரண்டும் கலந்தே இருக்கும்.

கர்டரின் முனைப்பக்கம் வார்ப்பிரும்புப் பெயர்ப்பலகை இருந்தால் செய்த பட்டறையும் ஆண்டும் கிடைக்கும். பலகை களவு போயிருந்தாலும் ஆங்கிள்களின் உட்புறத்தைத் தேய்த்துப் பாருங்கள். உருட்டாலையின் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கலாம். ‘கார்னெகி’ (அமெரிக்கா), ‘டார்மன் லாங்’ (பிரிட்டன்) என்று எழுத்துத் தெரிந்தால் எந்த நாட்டு எஃகு என்பது புரிந்துவிடும். எழுத்தும் இல்லையென்றால் துருவைப் பார்க்க வேண்டும். தேனிரும்பு நார்நாராக இருக்கும், அதன் கசடு இழைகள் உருட்டிய திசையில் ஓடும். அதனால் துருப்பிடிக்கும்போது ஊறிய ஒட்டுப்பலகைபோல அடுக்கடுக்காகப் பிரியும். எஃகு அப்படிப் பிரியாது, குழிகுழியாக அரிக்கும். சந்தேகம் தீர ஒரே வழி, பாரம் குறைந்த மூலையில் சிறு துளையிட்டு, வரும் சீவலைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவது. தேனிரும்பில் வெல்டிங் வைத்தால் அடுக்குகள் பிரிந்து வரும். பாஸ்பரஸும் கந்தகமும் கூடுதலாக உள்ள பழைய எஃகிலோ ஒட்டின் ஓரமாகவே விரிசல் விடும். ‘ஒரு துண்டு வைத்து ஒட்டிவிட்டால் போச்சு’ என்று முடித்த எத்தனையோ பழுதுகளில், இரும்பு முதலில் பிளந்தது அந்த ஒட்டின் விளிம்பில்தான்.

இப்போது முனைக்கு வருவோம். கரைச்சுவரின் உச்சியில், கர்டரின் முனைக்குப் பின்னால் ஒரு சிறு சுவர் எழும்பி நின்று மண்ணையும் ஜல்லியையும் தடுத்து வைத்திருக்கும். அந்தச் சுவருக்கும் கர்டருக்கும் நடுவே உள்ளங்கை அகல இடைவெளி. ஒவ்வொரு வண்டி போகும்போதும் அதற்குள் இரண்டு கல் விழும். காற்று இலையைக் கொண்டுவரும், மழை மண்ணைக் கரைத்து ஊற்றும். பத்து வருஷம் யாரும் தொடாமலிருந்தால் பேரிங்கும் கீழ் ஆங்கிளும் விறைப்பு ஆங்கிளின் காலும் ஈரமண்ணுக்குள் புதைந்து, அதில் புல்லும் முளைத்திருக்கும். இரும்பைப் பொட்டலம் கட்டி ஊறவைத்த மாதிரி. மேலிருந்து சொட்டுவதும் வெறும் மழைநீர் அல்ல. நிலக்கரி எஞ்சின் காலத்துச் சாம்பல், பழைய ரயில்பெட்டிக் கழிவறைகளிலிருந்து நேராகப் பாதையில் விழுந்தது, பனிக்கட்டியும் உப்பும் வைத்துக் குளிரூட்டிய சரக்குப் பெட்டிகளிலிருந்து வழிநெடுக ஒழுகிய உப்புநீர் என எல்லாமே இரும்பைத் தின்றிருக்கின்றன.

அந்த மண்ணை மண்வெட்டியால் எடுத்து, தண்ணீர் அடித்துக் கழுவி, கம்பித் தூரிகை போட்டபிறகுதான் பரிசோதனை தொடங்குகிறது. அதற்கு முன் எழுதிய எந்த அறிக்கையையும் நம்பவேண்டாம். கீழ் ஆங்கிளின் மேல் விளிம்பை ஒட்டி, வெப் தகட்டில் கையகல உயரத்துக்கு ஒரு பட்டை இருக்கிறதல்லவா, அங்கேதான் தகடு முதலில் மெலியும். வெப்பும் கீழ் ஆங்கிளும் சேர்ந்து வேலை செய்ய வேண்டிய விசை அந்தப் பட்டை வழியாகத்தான் போகிறது. மேலே 10 மி.மீ. முழுசாக இருந்து, இந்தப் பட்டையில் 4 மி.மீ. மட்டும் மிஞ்சியிருந்தால் கணக்கில் எடுக்க வேண்டியது 4-ஐத்தான். சராசரி எடுத்து 9 என்று எழுதுவது தவறு. மீயொலித் தடிமன் மானியை வைப்பதற்கு முன் அந்தப் புள்ளியைப் பளபளப்பாகத் தேய்க்க வேண்டும். தேனிரும்பில் அந்த மானி ஏமாற்றும். உள்ளே அடுக்கு பிரிந்த இடத்தில் ஒலி திரும்பிவிடுவதால் முதல் அடுக்கின் தடிமனை மட்டும் காட்டும். துளையோ விளிம்போ கிடைக்கிற இடத்தில் காலிப்பர் வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே துரு புகுந்தால் கதை வேறு. துருவாக மாறிய இரும்பு, தான் இருந்த இடத்தைவிடப் பலமடங்கு இடம் கேட்கும். இரண்டு ரிவெட்டுகளுக்கு நடுவே தகடு மெத்தைபோலப் புடைத்திருந்தால் உள்ளே துரு அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த அழுத்தம் ரிவெட் தலையையே பிடுங்கி எறியும். சுத்தியால் அடித்துத் தகட்டைத் திருப்பிப் படியவைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. படியாது, விரிசல்தான் வரும். துருவை முடிந்தமட்டும் சுரண்டி எடுத்து, உலர்த்தி, ஊடுருவும் பூச்சு விட்டு, விளிம்பை அடைத்து, புடைப்பை அப்படியே விட்டுவிடலாம். தகடு மெலியாமல் இருக்கிறவரை சிறு புடைப்பு பாரத்துக்குப் பெரிய குறையில்லை.

பேரிங்கில் பார்க்க வேண்டியது அசைவு. ஒரு முனை நிலையாகப் பிடித்திருக்கும், மறுமுனை நகரும். நகரும் முனையில் நங்கூர போல்ட்டுக்கான துளை நீள்வட்டமாக வெட்டப்பட்டிருக்கும். எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். 20 மீட்டர் கர்டர் 40 டிகிரி மாற்றத்தில் 9.6 மி.மீ. நகர வேண்டும். சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. ஆனால் அந்த அளவு நகரவும் இடமில்லாமல் துருவும் மண்ணும் இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? முழுக்கத் தடுத்தால் இரும்புக்குள் ஏறும் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 96 நியூட்டன். குறுக்குவெட்டு 300 சதுர செ.மீ. உள்ள ஒரு கர்டர் கரைச்சுவரை 290 டன் விசையோடு தள்ளப் பார்க்கும். அவ்வளவு தூரம் போகாது. அதற்கு முன்பே ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்துவிடும். நங்கூர போல்ட் வளையும், பேரிங்குக்குக் கீழேயுள்ள கல் பிளக்கும், அல்லது பின்சுவர் வெடிக்கும். இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தால் கல்லைப் பூசி மூடாதீர்கள். முதலில் பேரிங் நகர்கிறதா என்று பாருங்கள். பேரிங்கின் ஓரத்தில் கூர் ஊசியால் ஒரு கோடு கீறிவிட்டு அதிகாலையிலும் பிற்பகலிலும் அளந்தால் போதும். கோடு அசையவில்லையென்றால் இறுகிவிட்டது.

இன்னொரு நோய்க்குச் சத்தமே அடையாளம். வண்டி முனையில் ஏறும்போது ‘டப்’ என்று கைதட்டுவதுபோல ஓர் ஒலி. பேரிங் தகட்டுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கர்டர் எழும்பி உட்காருகிறது. வண்டி இல்லாதபோது டார்ச் அடித்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும். இடைவெளியில் தகட்டுச் சீவல் செருகுவது ஒரு வாரத்துக்குத்தான் வரும். தட்டித் தட்டி அது வெளியே துப்பப்பட்டுவிடும். சரியான வழி, முனையை ஜாக்கி வைத்து 5 முதல் 10 மி.மீ. வரை மட்டும் தூக்கி, நொறுங்கிய பாகத்தைச் செதுக்கி எடுத்து, சுருங்காத கலவை ஊற்றி, அது இறுகியபிறகு இறக்குவது. ஜாக்கியை விறைப்பு ஆங்கிளுக்கு நேர்கீழே வைக்க வேண்டும். விறைப்பு இல்லாத இடத்தில் வைத்தால் கீழ் விளிம்பு மடங்கி, வெப் நெளிந்துவிடும். ஒரே முனையின் இரண்டு கர்டர்களையும் சேர்ந்தே தூக்க வேண்டும், இல்லையென்றால் குறுக்குச் சட்டங்களின் ரிவெட் தெறிக்கும். தூக்குவதற்கு முன்னால் மேலே தண்டவாளப் பிணைப்புகளைத் தளர்த்திவிட வேண்டும் என்பதை மறந்துவிட்டு, ஜாக்கி ஏறமாட்டேன் என்கிறதே என்று விழிப்பதும் நடக்கிறது.

ரிவெட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று அதை அடிக்கத் தெரிந்தவர்கள் அரிது. பாலவேலையில் 22 மி.மீ. ரிவெட் மிகச் சாதாரணம். துளை அதைவிட ஒன்றரை மி.மீ. பெரியது. நான்குபேர் கொண்ட குழு. ஒருவர் உலையில் ரிவெட்டைச் சூடாக்கி இடுக்கியால் எறிவார், ஒருவர் வாளியில் பிடித்துத் துளையில் செருகுவார், ஒருவர் தலைப்பக்கம் கனமான முட்டுக் கொடுப்பார், இன்னொருவர் மறுமுனையை அடித்துத் தலையாக்குவார். பழுக்கக் காய்ந்த தண்டு அடிக்க அடிக்கத் துளைமுழுக்க நிரம்பும். ஆறும்போது சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். சின்னப் பாலங்களில் கர்டர் முழுசாகப் பட்டறையிலேயே இயந்திரத்தால் ரிவெட் அடிக்கப்பட்டு வந்தது. ஓடைக்கரையில் கையால் அடித்தவை குறுக்குச் சட்ட இணைப்புகள் மட்டும்தான். தளர்ந்த ரிவெட்டைத் தேட அந்த இணைப்புகளில் தொடங்குவது நல்லது.

தேடும் விதம்: ஒரு விரலை ரிவெட் தலையின் ஓரத்தில், தலையையும் தகட்டையும் சேர்த்துத் தொடும்படி வைத்துக்கொண்டு, எதிர்ப்புறமிருந்து சிறு சுத்தியால் பக்கவாட்டில் தட்ட வேண்டும். இறுக்கமான ரிவெட் தகட்டோடு ஒன்றாக ‘கிண்’ என்னும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. தளர்ந்தது ‘டொக்’ என்னும், விரலில் ஒரு துள்ளல் உறைக்கும். கண்ணுக்குத் தெரியும் அடையாளம், தலையின் கீழ் ஓரத்திலிருந்து வழியும் செம்பழுப்புக் கோடு. உள்ளே தண்டு தேய்ந்து, அந்தத் துருப்பொடி மழையில் கரைந்து இறங்குகிறது. பூச்சு அடித்தபிறகும் அதே இடத்தில் அந்தக் கோடு திரும்ப வந்தால் சந்தேகமே வேண்டாம்.

தளர்ந்ததைக் குளிர்ந்த நிலையில் உளியால் தலையைச் சுற்றிக் கொத்தி இறுக்குவதுபோலச் செய்வார்கள். அது பரிசோதகரை ஏமாற்றும் வேலை, பாலத்துக்கு ஒன்றும் செய்யாது. தலையை வெட்டி, தண்டைத் தள்ளி, துளையைச் சுத்தமாகத் துருவி, உயர்வலிமை போல்ட் போட்டு முறையாக முறுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஒன்று இறுகியபிறகே அடுத்ததில் கைவைக்க வேண்டும். தலையை எரிவாயுச் சுடரால் அறுப்பது வேகமாக முடியும், ஆனால் அடியிலுள்ள தகட்டில் சுடர் பட்ட கீறலிலிருந்துதான் பின்னால் விரிசல் கிளம்பும்.

விரிசல் விஷயத்தில் ரிவெட் கர்டருக்கு ஒரு புண்ணியம் உண்டு. ஓர் ஆங்கிளில் ரிவெட் துளையிலிருந்து விரிசல் கிளம்பினாலும், அது பக்கத்து ஆங்கிளுக்கோ தகட்டுக்கோ நேராகத் தாவ முடியாது. அவை தனித்தனி இரும்பு. அந்தத் துண்டு போனாலும் மற்றவை சிறிது காலம் சுமந்துகொண்டு நமக்கு அவகாசம் கொடுக்கும். ஒரே ஒட்டாக வெல்டிங் செய்த கர்டரில் அந்த அவகாசம் இல்லை. ஆனால் சின்னப் பாலத்துக்கென்று ஒரு சாபமும் உண்டு. நீண்ட பாலத்தின் பிரதான கர்டருக்கு ஒரு முழு ரயில் கடந்துபோவது கிட்டத்தட்ட ஒரே பெரிய ஏற்றஇறக்கம். ஆறு மீட்டர் பாலத்துக்கோ ஸ்ட்ரிங்கருக்கோ அப்படியில்லை. இரண்டு பெட்டிகள் இணையும் இடத்தில் அடுத்தடுத்து வரும் சக்கரத் தொகுதி ஒவ்வொன்றும் தனித்தனியாக அமுக்கிவிட்டுப் போகும். ஐம்பது பெட்டிச் சரக்கு வண்டி என்றால் ஐம்பது முறை. ஸ்ட்ரிங்கரைக் குறுக்கு உத்தரத்தோடு பிணைக்கும் ஆங்கிள்களின் உள்மூலையைத்தான் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வளைந்து அங்கேதான் மயிரிழை விரிசல் விடும்.

அந்தக் காலத்துப் பாலம் இன்றைய கனமான வண்டியை எப்படித் தாங்குகிறது என்று பலர் கேட்பதுண்டு. அமெரிக்கப் பொறியாளர் தியடோர் கூப்பர் 1894-இல் வகுத்த சுமை அளவீட்டில் இ-40 என்றால் எஞ்சினின் இயக்கு அச்சு ஒவ்வொன்றுக்கும் 40,000 பவுண்டு, சுமார் 18 டன். பின்னால் தொடரும் வண்டிக்கு அடிக்கு 4,000 பவுண்டு. பின்னால் வந்த இ-80 இதில் சரியாக இரண்டு மடங்கு. (1907-இல் கட்டும்போதே விழுந்து 75 பேரைப் பலிகொண்ட கியூபெக் பாலத்தின் ஆலோசகப் பொறியாளரும் இதே கூப்பர்தான். அவருடைய சுமைக் கணக்கு மட்டும் அவரைத் தாண்டி நிலைத்துவிட்டது.) அச்சுச் சுமை இவ்வளவு ஏறியும் பழைய கர்டர்கள் பல ஓட்டத்தில் இருப்பதற்கு நீராவி எஞ்சினும் ஒரு காரணம். அதன் சக்கரத்தில் உள்ள எதிர்எடை ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தைச் சம்மட்டிபோல அடிக்கும். அதற்காக அன்று வடிவமைத்தவர்கள் நிலைச்சுமைக்கு மேல் பெரிய அதிர்வுப் பங்கைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். டீசல், மின் எஞ்சின்களில் அந்த அடி இல்லை. அன்றைக்கு ஒதுக்கிய பங்கைத்தான் இன்றைய கூடுதல் எடை தின்றுகொண்டிருக்கிறது. அதற்காகக் கணக்குப் போடாமல் ஏற்றிவிடலாம் என்றில்லை. முனையில் வெப் மெலிந்த பாலத்தில் அந்தப் பங்கெல்லாம் என்றோ தீர்ந்திருக்கும்.

தளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜல்லி இல்லாத திறந்த தளத்தில் மர ஸ்லீப்பர்கள் நேரே கர்டரின் மேல் விளிம்பில் உட்கார்ந்து, கொக்கி போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். ரிவெட் தலைகளுக்கு இடம்விட்டு மரத்தின் அடியில் பள்ளம் வெட்டுவார்கள். அந்தப் பள்ளத்தில் ஈரம் தங்கி மேல் தகடும் அரிக்கும், மரமும் இற்றுப்போகும். ஸ்லீப்பரை மாற்றும் நாளில்தான் அந்த மேல் தகட்டைப் பார்க்க முடியும், அன்றே துருநீக்கிப் பூசிவிட வேண்டும். தண்டவாளங்களுக்கு உட்புறம் ஓடும் காவல் தண்டவாளம் பாலத்துக்கு முன்பே தொடங்கி, முனைகள் நடுவில் கூடும்படி வளைத்து விடப்பட்டிருக்கும். தடம் இறங்கிய சக்கரம் பாலத்தைவிட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது அதுதான். தண்டவாள இணைப்பு பாலத்தின் மேலோ கரைச்சுவரை ஒட்டியோ வரக்கூடாது. சுவருக்குப் பின்னால் மண் இறங்கிப் பாதை பள்ளமானால் ஒவ்வொரு சக்கரமும் அதில் விழுந்து, எழுந்து, கர்டர் முனையில் மோதும். மேலே சொன்ன ‘டப்’ சத்தத்துக்குப் பாதிக் காரணம் இந்தப் பள்ளம்தான். அதைச் சரிசெய்யாமல் பேரிங்கை மட்டும் செப்பனிட்டால் மறுபடி அங்கேயே வந்து நிற்க வேண்டியிருக்கும்.

பூச்சு வேலையில் எச்சரிக்கை ஒன்றுதான். பழைய பாலங்களின் அடிப்பூச்சு சிவப்பு ஈயம். உலர்நிலையில் தேய்த்தாலோ, சுடரால் எரித்து உரித்தாலோ அந்த ஈயம் வேலை செய்பவரின் மூச்சிலும் கீழே ஓடைத் தண்ணீரிலும் போய்ச் சேரும். ஈரப்படுத்திச் சுரண்டி, கீழே விரிப்புக் கட்டி, உதிர்வதை அள்ளிக் கணக்கில் வைக்க வேண்டும்.

ரயில் நின்றுபோன பாதைகளில் இப்படிப்பட்ட பாலங்களை நடைபாதையாக மாற்றுவதுண்டு. பாரத்தைப் பொறுத்தவரை பிரச்சினையே இல்லை. மூன்று மீட்டர் அகலத்துக்கு மனிதர்கள் நெருக்கியடித்து நின்றாலும் மீட்டருக்கு ஒன்றரை டன்தான், வண்டியின் சுமையோடு ஒப்பிட்டால் அற்பம். தொல்லை வேறு பக்கமிருந்து வரும். திறந்திருந்த தளத்தின் மேல் பலகையோ கான்கிரீட்டோ போட்டு மூடுவார்கள். நூறு வருஷமாகக் காற்றோட்டத்தில் காய்ந்துகொண்டிருந்த மேல் தகடு அதற்கப்புறம் காயாது. தளத்துக்கும் கர்டருக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, நீரை முனைகளில் இறக்காமல் தள்ளி விட்டால் நடுப்பகுதியாவது பிழைக்கும்.

இனி தண்ணீர். கோடையில் கணுக்கால் நனையும் ஓடையைப் பார்த்து, இது என்ன செய்துவிடும் என்று தோன்றும். 1938 ஜூன் 19 இரவு, அமெரிக்காவின் மொன்டானாவில் கஸ்டர் க்ரீக் என்ற ஓடை திடீர் வெள்ளத்தில் பாலத்தின் காலைப் பறித்துவிட, அதன்மேல் வந்த ஒலிம்பியன் விரைவுவண்டி உள்ளே பாய்ந்தது. குறைந்தது 47 பேர் இறந்தார்கள். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பலவீனப்பட்டிருந்தபோது தூத்துக்குடி விரைவுவண்டி அதில் ஏறியது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இரண்டுமே பேராறுகள் அல்ல.

பாலத்துக்குள் நுழையும்போது ஓடை ஒடுங்குகிறது, வேகம் கூடுகிறது, கரைச்சுவரின் மூக்கில் சுழல் கிளம்பி அடிமண்ணைத் தோண்டுகிறது. வேகத்துக்கும் கல்லுக்கும் உள்ள உறவு பயங்கரமானது: நீர் உருட்டிக்கொண்டு போகக்கூடிய கல்லின் எடை வேகத்தின் ஆறாவது அடுக்கில் ஏறும். வேகம் இரட்டித்தால் 64 மடங்கு எடையுள்ள கல் நகரும். அதனால்தான் போன வெள்ளத்தில் அசையாத கல்லடுக்கு இந்த வெள்ளத்தில் காணாமல் போகிறது. நீர் கர்டரின் அடியைத் தொட்டுவிட்டால் இன்னொரு ஆபத்து. துளையில்லாத இரும்புத் தகடு அணைச்சுவராகிவிடும். 12 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் உயரத் தகட்டை வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் நீர் பத்து டன் அளவுக்குத் தள்ளும். அதோடு ஒரு மரமும் வந்து சிக்கினால் சொல்லவே வேண்டாம். எதிர்த்து நிற்பவை சில நங்கூர போல்ட்டுகள், அதுவும் நாம் முன்பு பார்த்த அந்தத் துருப்பிடித்த முனையில்.

அடிமண் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டும்போது பாலத்தின் வாயையே அடைத்துவிடக்கூடாது. வழி குறுகினால் வேகம் இன்னும் கூடும். கல்லுக்கு அடியில் சரளை வடிகட்டி அடுக்கு இல்லையென்றால் அடிமண் இடுக்கு வழியே உறிஞ்சப்பட்டுக் கல் தானாக உள்ளே இறங்கும். கான்கிரீட் தளம் போட்டிருந்தால் ஓடை வெளியேறும் பக்கத்திலுள்ள அதன் விளிம்பைப் பாருங்கள். நீர் அங்கே குதித்துப் பள்ளம் பறித்து, பின்னோக்கி ஊர்ந்து தளத்துக்கு அடியில் புகும். ஓடையின் கீழ்ப்பகுதியில் எங்கோ மணல் அள்ளினாலும் படுகை தாழ்ந்து அந்தப் பள்ளம் மேலேறி வரும். பாலத்தடியில் நின்றுகொண்டு பாலத்தை மட்டும் பார்த்தால் இது புலப்படாது. இருநூறு மீட்டராவது கீழே நடந்து பார்க்க வேண்டும்.

வெள்ளம் வடிந்த மறுநாள் போய்ப் பார்ப்பவர்களை ஓடை சுலபமாக ஏமாற்றும். உச்ச வெள்ளத்தில் கரைச்சுவர் அடியில் இரண்டு மீட்டர் குழி விழுந்திருக்கலாம். நீர் தணியும்போது அதே ஓடை மணலையும் வண்டலையும் கொண்டுவந்து அந்தக் குழியை நிரப்பி, மேலே வழவழவென்று சமன் செய்துவிட்டுப் போகும். பார்த்தால் படுகை பழைய மட்டத்திலேயே இருக்கும், கயிற்றில் எடை கட்டி ஆழம் அளந்தாலும் பழைய எண்ணே வரும். அதற்காகத்தான் 16 மி.மீ. தடிமனில் ஆள் உயரத்துக்கும் மேலான ஓர் இரும்புக்கம்பி தேவை. சுவரின் மூக்கிலிருந்து தொடங்கி, அரை மீட்டருக்கு ஒருமுறை, ஓடையின் மேல்பக்கம், கீழ்பக்கம் இரண்டிலும் கைபலத்தால் குத்தி இறக்க வேண்டும். இறுகிய பழைய படுகையில் ஒரு சாண் இறங்கிக் கம்பி நின்றுவிடும், கைக்குக் கரகரவென்று தட்டும். புதிதாக நிரம்பிய மணலில் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கிக்கொண்டே போகும். நின்ற ஆழத்தைப் பழைய வரைபடத்தில் உள்ள அஸ்திவார அடிமட்டத்தோடு ஒப்பிடுங்கள். கம்பி அதையும் தாண்டி இறங்கியிருந்தால் சுவர் நிற்பது மணலின் மேல். அஸ்திவாரத்துக்கு அடியில் கம்பியைச் சாய்த்துச் செருகி எதிர்ப்பே இல்லையென்றால், குழியை நிரப்பி முடிக்கும்வரை அந்தப் பாதையில் வண்டி விடக்கூடாது, மெதுவாகக்கூட.